சாக்கின் வாயைப் பிடித்தவள்

“சரியாப் புடி. வாய விரிச்சுப் புடின்னா என்னா ஒனக்கு?”

இப்படித்தான் கத்தினேன். என் மனைவி அற்புதம் ஒரு உரச் சாக்கின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி குனிந்து நின்றாள். நான் பிடுங்கிக் குவித்திருந்த பார்த்தீனியச் செடிகளை வாரி உள்ளே திணித்தேன். பாதி நிறைந்ததும் முட்டியால் அழுத்தினேன். அழுத்தும்போதெல்லாம் சாக்குக்குள் இருந்த காற்று புஸ்ஸென்று மேலே வந்தது. கூடவே மாவு மாதிரி வெள்ளைத் தூசு. நேராக அவள் முகத்துக்கு.

அவள் முகத்தைத் திருப்பினாள். சாக்கு மடங்கிச் செடி கீழே கொட்டியது. நான் மறுபடியும் கத்தினேன். அவள் இருமிக்கொண்டே பிடித்தாள்.

சுனாமிக்கு அடுத்த மழைக்காலம் முடிந்திருந்தது. சிதம்பரத்துக்கு வெளியே புது நகர் ஒன்றில் வீடு கட்டிக் குடிபோன முதல் வருடம். அன்று ஒன்பது மூட்டை கட்டினோம். ஒன்பதுக்கும் அவள்தான் வாயைப் பிடித்தாள்.

இதை எழுதும்போது கை நடுங்குகிறது என்றெல்லாம் எழுத மாட்டேன். நடுங்கவில்லை. கோபம்தான் வருகிறது. யார் மேல் என்று சொல்ல வேண்டியதில்லை.

எட்டு லாரி மண்

பார்த்தீனியம் தெரியாதவர்கள் இருந்தால் சொல்கிறேன். கொத்தமல்லி மாதிரி இலை. பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. ஆடு தின்னாது, மாடு தின்னாது. ஒரு செடியை விட்டுவிட்டு ஊருக்குப் போய் வந்தால் ஐம்பது நிற்கும்.

எங்கள் மனை பழைய நெல் வயல். பள்ளம். கடலூரில் பஸ் பணிமனை ஒன்றில் நான் மெக்கானிக். கடன் போட்டுக் கட்டுகிற வீட்டில் தண்ணீர் ஏறக்கூடாது என்று எட்டு லாரி மண் அடித்து மேடாக்கினேன். விதை அந்த மண்ணோடு வந்தது. காசு கொடுத்து நானே வாங்கிப் போட்டேன்.

போன வாரம் இதே தொடரில் பணிமனையைப் பற்றி எழுதியபோது என் அம்மாவைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். அடுத்தவர் வயலில் களை எடுத்தவள். எடுத்த களையைப் புடவை மடியில் கட்டிக்கொண்டு வரப்புக்கு வந்து கொட்டுவாள். ஈரம் பட்டு அவள் வயிறு எப்போதும் ஊறி வெளுத்திருக்கும். அரித்துக்கொண்டே இருப்பாள். வரப்பில் குடை பிடித்து நிற்கிறவர் அவளைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டார். “ஏ” என்பார்.

அதனால் என் பெயரில் பட்டா உள்ள மண்ணில் நான் களை பிடுங்குவது முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.

பிடுங்குவது பெரிய வேலை இல்லை. பிடுங்கியதை எங்கே போடுவது என்பதுதான் வேலை. குவித்துப் போட்டால் காற்றில் விதை பறக்கும். கொளுத்தினால் புகை தொண்டையைப் பிடிக்கும். நகராட்சி வண்டி எங்கள் தெருவுக்கு வராது. ஊராட்சியில் கேட்டால், “மத்தவங்க எல்லாம் என்னா பண்றாங்களோ அதையே நீங்களும் பண்ணுங்க” என்றார்கள். மற்றவர்கள் வாய்க்காலில் தள்ளினார்கள். ஆகவே உள்ளே பிளாஸ்டிக் தாள் வைத்த உரச் சாக்கில் அடைத்து, இறுக்கிக் கட்டி, வெயிலில் வைத்து அழுக விடுவது என்று முடிவு செய்தேன்.

முடிவு சரிதான். சாக்கின் வாயை யார் பிடிப்பது என்றுதான் நான் யோசிக்கவில்லை. மனைவி இருக்கிறாளே.

டாக்டர் கேட்ட கேள்வி

அடுத்த வருடம் அவளுக்கு இளைப்பு வந்தது. முதலில் சளி என்றோம். அப்புறம் பனி என்றோம். படுத்தால் நெஞ்சுக்குள் விசில் ஊதுகிற சத்தம் கேட்கும். தலையணை இரண்டு வைத்துச் சுவரில் சாய்ந்தபடியே தூங்கினாள். முழங்கைக்குக் கீழே தோல் சிவந்து தடித்திருந்தது.

டாக்டர் வயதானவர். கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“என்னம்மா வேலை செய்றீங்க?”

“வீட்லதான் சார் இருக்குறேன்.”

“வீட்டச் சுத்தி பார்த்தீனியம் இருக்கா?”

“இருந்துச்சு சார். இவுங்க புடுங்கி மூட்டை கட்டிட்டாங்க. நான் ஒண்ணும் பண்ணல, சாக்கத்தான் புடிச்சேன்.”

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“தூசு பூரா வாய் வழியாத்தான வெளிய வரும்? அங்க இவங்கள நிக்க வெச்சியா?”

நான் இருபத்தைந்து வருடமாக வண்டியில் காற்று எந்த வழியாக உள்ளே போய் எந்த வழியாக வெளியே வருகிறது என்று பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன். ஒரு சாக்கில் எனக்கு அது தெரியவில்லை.

“பூத்தூள் ஆகாது இவங்களுக்கு. இனிமே ஒவ்வொரு தடவ பட்டாலும் ஜாஸ்தியாத்தான் ஆகும். செடி இல்லாத எடமாப் பாத்துக்குங்க,” என்றார். உறிஞ்சுகிற மருந்து எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். “என்னாங்க, வீட்ட விட்டுடணுமா?” என்று கேட்டாள். பெயிண்ட் வாசனைகூடப் போகாத வீடு. “யோவ், எவன் விடுவான்? செடிய விடுறேனா பாரு,” என்றேன். மனைவியை யோவ் என்றது அன்றுதான்.

ரிம்மும் டிரம்மும்

அன்று முதல் சாக்கின் வாயை மனிதக் கை பிடிக்கக்கூடாது என்பதுதான் என் வேலை.

முதலில் பழைய சைக்கிள் ரிம். கம்பியை எல்லாம் கழற்றிவிட்டு, சாக்கின் வாயை ரிம்மின் மேல் மடித்து, லாரி டியூபை வளையமாக வெட்டி மேலே மாட்டினேன். மூன்று சவுக்குக் கழியை முக்காலியாகக் கட்டி அதில் தொங்கவிட்டேன். பார்க்க அழகாக இருந்தது. அழுத்தினால் டியூப் நழுவிச் சாக்கு தொபுக்கென்று கீழே விழுந்தது. கோணி ஊசி வைத்துத் தைத்தேன். ஒரு மூட்டை கட்ட அரை நாள் ஆனது.

அப்புறம்தான் டிரம். நீல பிளாஸ்டிக் டிரம், ஐம்பது லிட்டர். அடியை ஹாக்சா பிளேடால் அறுத்து எடுத்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்தேன். இரண்டு பக்கமும் வாய் இருக்கிற குழாய் மாதிரி ஆகிவிட்டது. அதைச் சாக்குக்குள் இறக்கி நிறுத்த வேண்டும். சாக்கு தானாக நிற்கும். செடியை டிரம்முக்குள் போட்டு மண்வெட்டிப் பிடியால் குத்த வேண்டும். நிறைந்ததும் டிரம்மை மட்டும் உருவி எடுத்துவிடலாம். வழவழவென்று வந்துவிடும். செடி சாக்கில் நிற்கும். பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவர்கள் பிடிக்கிற வார் இரண்டு, கழித்துப் போட்டது, பணிமனையில் கேட்டு வாங்கி வந்து கைப்பிடியாக மாட்டினேன்.

பிடுங்குவதற்கு முன் வாளித் தண்ணீர் ஊற்றி நனைத்துவிடுவேன். முடிந்தவரை பூ வைப்பதற்கு முன்பே பிடுங்கிவிடுவேன். கையில் கேரி பேக், மணிக்கட்டில் டியூப் வளையம், மூக்கில் துண்டு. அற்புதம் அந்த நேரத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பாள்.

“முடிஞ்சுதாங்க?”

“இன்னும் ரெண்டு மூட்ட.”

“காப்பி ஆறுது.”

“ஆறட்டும். நீ தொறக்காத.”

பக்கத்துக் காலி மனையிலும் செடி. உரிமையாளர் பரங்கிப்பேட்டைக்காரர், வெளிநாட்டில் வேலை. ஊருக்கு வந்திருந்தபோது போய்க் கேட்டேன். “தாராளமா புடுங்கிக்குங்க அண்ணே. ஒங்க மனையா நெனச்சுக்குங்க,” என்றார். களை பிடுங்க மட்டும் என் மனை. அதையும் பிடுங்கினேன்.

பேனர் சண்டை

செடியை மனையிலிருந்து மூட்டை கட்டுகிற இடத்துக்குக் கொண்டுவர ஒரு விரிப்பு வேண்டும். புடவையில் கட்டினால் விதை ஒட்டிக்கொள்ளும். ஃப்ளெக்ஸ் பேனர்தான் சரி. வழுக்கும், ஒட்டாது, நாலு மூலையில் கயிறு போட்டு இழுக்கலாம்.

ஒரு நாள் காற்றில் பேனர் ஒன்று சாக்கடை ஓரம் விழுந்து கிடந்தது. மூன்று நாள் யாரும் எடுக்கவில்லை. நான் எடுத்துக் கழுவி, படம் கீழே இருக்கும்படி போட்டுச் செடியை அள்ளி இழுத்தேன். தெருவோடு இழுத்து வந்தேன். திருப்பும்போது மண்ணில் தேய்ந்த முகம் மேலே வந்தது.

எதிர்வீட்டுக் கலியமூர்த்தியின் மகள். மஞ்சள் நீராட்டு விழா பேனர்.

கலியமூர்த்திக்கு ஊரில் நிலம் உண்டு. டவுனில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. வாசலிலிருந்து இறங்கி வந்தான்.

“யோவ் பிட்டரு! எம் பொண்ணு மூஞ்சியத் தரையில தேச்சு இழுக்குறியா?”

“கீழ கெடந்துச்சுப்பா. மூணு நாளாக் கெடந்துச்சு.”

“கெடந்தா? ஒன் வீட்டுப் பொண்ணு படத்தப் போட்டு இழுப்பியா?”

அவன் கேட்டது நியாயம். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நான், “அக்கற இருந்தா அவுத்து மடிச்சு வெக்கணும்யா,” என்றேன். நாலு வீட்டு ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். யாரோ ஒருவர், “இவுங்களுக்கெல்லாம் மனை குடுத்தா இப்பிடித்தான்,” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் கேட்கும் அளவுக்கு மெதுவாக.

அந்தத் தெருவில் எங்கள் ஆட்கள் நாங்கள் ஒரு வீடுதான். அதை யாரும் பேச மாட்டார்கள். கல்யாணப் பத்திரிகை வரும், கேட்டுக்கு வெளியே நின்றே கொடுப்பார்கள். தெருவில் எல்லோரும் எல்லோருக்கும் மாமா, மச்சான். எனக்கு மட்டும் பிட்டர், ஃபிட்டர் வேலை பார்க்கிறவன். என் பெயர் பீட்டர்; அதுகூட இல்லை.

அதன்பின் ஒரு வருடத்துக்கு மேல் கலியமூர்த்தி என்னோடு பேசவில்லை. மற்றவர்கள் என் முதுகுக்குப் பின்னால் ‘சாக்கு மேஸ்திரி’ என்றார்கள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. காரணம், அந்த ஒரு வருடம் அற்புதம் நன்றாக மூச்சு விட்டாள். மருந்துக் குப்பி அலமாரியிலேயே இருந்தது. அரசாங்கம் கொடுத்த கலர் டிவிக்கு முன்னால் கால் நீட்டி உட்கார்ந்து சத்தமாகச் சிரிப்பாள். இருமாமல் சிரிப்பாள். காம்பவுண்டு ஓரம் மூட்டைகள் வரிசையாக நின்றன. நாற்பதுக்கு மேல்.

மாமா

பிறகு அந்தப் பெருமழை வந்தது. கார்த்திகை பிறக்கப் போகிற நேரம். நாலு நாள் விடாமல் அடித்தது. ஐந்தாம் நாள் காலை வாய்க்கால் உடைத்துக்கொண்டு தெருமுனை வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. என் வீடு மேடு. எதிர்ச்சாரி பள்ளம். கலியமூர்த்தி வீட்டு வாசற்படியில் இரண்டு படி மூழ்கிவிட்டது.

என் கேட்டில் ஏழெட்டுப் பேர் வந்து நின்றார்கள். முன்னால் கலியமூர்த்தி. தலையில் துண்டு. உடம்பெல்லாம் நனைந்திருந்தது.

“மாமா,” என்றான்.

நான் திரும்பிப் பார்த்தேன். வேறு யாரையோ கூப்பிடுகிறான் என்று நினைத்தேன்.

“மாமா, மண்ணு மூட்ட எங்கயும் கெடைக்கல. ஒங்க மூட்டையக் குடுங்க. முனையில அடுக்கி மேல கல்லு வெச்சுடுறோம். தண்ணி திரும்பிடும்.”

அற்புதம் உள்ளிருந்து வாசலுக்கு வந்துவிட்டாள்.

“வேணாங்க. செடிதானங்க அது, மெதக்கும். ஒடஞ்சா தெருவெல்லாம் மொளைக்கும்.”

“அக்கா, கல்லு வெச்சா எங்க மெதக்கப் போவுது?” என்றார் ஒருவர்.

“எவ்ளோ கல்லு வெப்பீங்க? சாக்குல மண்ண அள்ளிப் போடுங்க, எங்க பின்பக்கத்துல வெட்டிக்குங்க. செடிய எடுக்காதீங்க.”

அவள் சொன்னதுதான் வழி. மெக்கானிக்கான நான் சொல்லியிருக்க வேண்டியது. பழைய மூட்டைகள் அழுகிச் சாணி மாதிரி கனத்துக் கிடந்தன. புதியவை உமி மூட்டை மாதிரி. எனக்கு எல்லாம் தெரியும். ஆனால் அவன் மாமா என்று கூப்பிட்டதைக் கேட்ட காது அது. அத்தனை பேருக்கு முன்னால் நான் யோசிப்பதுபோல் நின்றால் பழையபடி பிட்டர் ஆகிவிடுவேன் என்று பயந்தேன்.

“நீ உள்ள போ. ஒனக்கு என்னா தெரியும்?” என்றேன் அவளிடம். அவர்களிடம், “எடுத்துக்குங்க,” என்றேன்.

எல்லோருமாகச் சேர்ந்து தூக்கினோம். நானும் தோளில் சுமந்தேன். தெருமுனையில் மூன்று அடுக்கு அடுக்கி மேலே கருங்கல் வைத்தோம். தண்ணீர் திரும்பியது. கைதட்டினார்கள். கலியமூர்த்தி என் கையைப் பிடித்து அவன் வீட்டு மாடிப்படிக்கு அழைத்துப் போனான். அவன் மனைவி எவர்சில்வர் டம்ளரில் டீ கொடுத்தாள். எல்லோருக்கும் கொடுத்த அதே டம்ளர். நான் டம்ளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டீ பாதிகூடக் குடிக்கவில்லை. முனையில் யாரோ கத்தினார்கள்.

“மூட்ட போவுதுடா!”

மேல் அடுக்கு கல்லைக் கவிழ்த்துவிட்டு மிதந்தது. பிறகு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தெருவுக்குள் வந்தன. கேட்டில் மோதின, லைட்டுக் கம்பத்தில் மோதின, வெயிலில் காய்ந்து இற்றுப்போன சாக்குகள் பிளந்தன. மூன்று வருடம் நான் சேர்த்துக் கட்டிய விதை முழுவதும் பழுப்பு நுரையாகத் தெரு நீளத்துக்கும் பரவி, ஒவ்வொரு வீட்டு மனைக்குள்ளும் போய் நின்றது. தண்ணீர் எல்லா வீட்டுக்குள்ளும் ஏறியது. என் வீட்டுக்குள் மட்டும் ஏறவில்லை. எட்டு லாரி மண்.

அற்புதம் ஜன்னலில் நின்று பார்த்தாள். ‘நான் அப்பவே சொன்னேனே’ என்று அன்றும் சொல்லவில்லை, அப்புறமும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

இரண்டு வேலை

பொங்கலுக்குத் தெரு பச்சையாக இருந்தது. மாசியில் வெள்ளையாக இருந்தது. நான் காலை பஸ்ஸுக்கு முன் இரண்டு மணி நேரம், ஞாயிறு முழு நாள் என்று பிடுங்கினேன். ஒரு ஆள் ஒரு தெருவைப் பிடுங்க முடியாது.

ஒரு மத்தியானம் பணிமனைக்குப் போன் வந்தது. கலியமூர்த்தியின் மனைவி. அற்புதம் வாசலில் உட்கார்ந்துவிட்டாளாம், பேச முடியவில்லையாம், ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்களாம். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு அன்று போன பஸ் போல மெதுவான பஸ்ஸில் நான் போனதில்லை. ஆலப்பாக்கத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தது. இறங்கி ஓடலாமா என்று நினைத்தேன்.

மூக்கில் குழாயோடு படுத்திருந்தாள். உதடு நீலமாக இருந்தது. டாக்டர் என்னைத் தனியாக அழைத்துப் போய், “அடுத்த தடவ இவ்ளோ நேரம் தாங்க மாட்டாங்க,” என்றார். சுற்றி வளைக்காமல் சொன்னார். அதற்கு அவருக்கு நன்றி.

மூன்றாம் நாள் அவளே சொன்னாள். எங்கள் மகள் ஸ்டெல்லா கடலூரில் நர்ஸ். மஞ்சக்குப்பத்தில் இரண்டாவது மாடியில் இருந்தாள். சுற்றிலும் சிமெண்ட். ஒரு பிடி மண் கிடையாது.

“நான் ஸ்டெல்லா வூட்டுக்குப் போறேங்க.”

“எத்தன நாளைக்கு?”

“நாள் எல்லாம் சொல்ல முடியாது.”

“வீடு?”

“நீங்க வீட்டப் பாத்துக்குங்க. நான் மூச்சப் பாத்துக்குறேன். ரெண்டும் ஒரு எடத்துல ஆவல.”

வீட்டை விற்கலாம் என்றேன். செடி மண்டிய தெருவில் யார் வாங்குவார்கள், கடன் இன்னும் முடியவில்லையே என்று அவளே கேட்டாள். துணிப் பையோடு ஆஸ்பத்திரியிலிருந்து நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். வீட்டுக்கு வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுக்கூடப் போகவில்லை. “கடலூருக்கா? அங்க சிப்காட் கெமிக்கல் கம்பெனி காத்து அடிக்குமே,” என்று தெருவில் கேட்டார்கள். ஒவ்வொரு நெஞ்சுக்கும் ஒவ்வொன்று ஆகாது. இவளுக்கு எங்கள் தெரு ஆகவில்லை.

அடுத்த மாதம் கலியமூர்த்தி வந்தான். அவன் மகளுக்குக் கையெல்லாம் தடித்துவிட்டதாம்.

“மாமா, அந்த டிரம்மு…”

“எடுத்துக்கிட்டுப் போ.”

“எப்பிடின்னு காட்டுனீங்கன்னா…”

“மொதல்ல தண்ணி ஊத்து. பொண்ணப் பக்கத்துல வுடாத. அப்புறம் இன்னொண்ணு. பிட்டருன்னே கூப்புடு.”

அவன் தலையைக் குனித்துக்கொண்டு டிரம்மைத் தூக்கிப் போனான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் கேட்டான், கொடுத்தவன் நான்.

மாடிப்படி

அதிலிருந்து சிதம்பரத்து வீட்டில் நான் தனி. ஓய்வு பெறும்வரை தினமும் கடலூரில்தான் வேலை, ஆனாலும் அவளை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பார்க்க முடிந்தது. காரணம் என் சட்டை.

முதல் ஞாயிறு போனபோது அவள் கதவைத் திறந்து இரண்டு நிமிடத்தில் இரும ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பூத்தூள் என் தலைமுடியில், காலரில், கைக்கடிகார வாரில் இருந்திருக்கிறது. ஸ்டெல்லா என்னை வெளியே தள்ளாத குறை. “அப்பா, நீங்கதான் செடி இப்ப,” என்றாள். நர்ஸ் அல்லவா, உள்ளதைச் சொல்வாள்.

ஆகவே அந்த வீட்டில் ஒரு ஏற்பாடு. மாடிப்படிக்குக் கீழே பொதுக் குழாய். பக்கத்தில் ஆணியில் ஒரு பை. அதில் அங்கேயே துவைத்து அங்கேயே காய வைத்த என் சட்டை, வேட்டி, துண்டு. நான் வந்ததும் அங்கே தலைக்கு ஊற்றிக்கொண்டு, உடுத்தி வந்த துணியை வேறு கவரில் போட்டு முடிச்சுப் போட வேண்டும். கீழ்வீட்டுப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கும். ஐம்பத்தேழு வயதில் பொதுக் குழாயில் குளித்துவிட்டுத்தான் மனைவியைப் பார்க்கப் போனேன்.

ஒரு ஞாயிறு, மாசி மாதம், பூ உச்சத்தில் இருந்தபோது போனேன். மேலே கைப்பிடிச் சுவரில் அவள் தலை தெரிந்தது. கொஞ்சம் சதை போட்டிருந்தாள்.

“தலைக்குச் சோப்பு போட்டீங்களா?”

“போட்டேன்.”

“காதுக்குப் பின்னாடி?”

திரும்பிப் போய்க் காதுக்குப் பின்னால் தேய்த்தேன்.

மேலே ஏறினேன். அவள் கதவைத் தாண்டி வெளியே வந்து நின்றாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு கழுத்தருகே முகத்தை வைத்து மூச்சை இழுத்தாள். கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படிச் செய்ததில்லை. பிறகு ஒரு அடி பின்னால் போய், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

இருமல் வருமா என்று நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம். தெருவில் ஒரு வேன் போனது. கீழே யாரோ குழாயைத் திறந்தார்கள்.

“வரல,” என்றாள். “உள்ள வாங்க. சோறு ஆறுது.”